பேசும் வேலி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போகிற சாலை, கல்லாற்றைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள். வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதிதான் கல்லாறு. பெயரிலேயே கல்லைச் சுமந்திருக்கும் ஆறு. உருண்ட பாறைகளுக்கு நடுவே, மழை இல்லாத நாளில், அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம் தெரியும்படி நீர் ஓடும். அந்தத் தெளிவுதான் ஆபத்து. முழங்காலளவு தண்ணீரும் இரண்டாள் ஆழமும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். சலசலவென்று ஓடுகிற இடத்தைப் பார்த்துப் பயப்படுவோம். சலனமில்லாமல் கிடக்கும் இடத்தில்தான் ஆழம். கல்லாற்றில் அப்படிப்பட்ட ஓரிடத்துக்கு வட்டக்கயம் என்று பெயர். கயம் நம் பழைய சொல். ஆழ்ந்த நீர்நிலையைக் குறிக்கும். தமிழ்ப் பேச்சில் அருகிவிட்ட அந்தச் சொல் மலையாளத்தில் இன்னும் இடப்பெயராக வாழ்கிறது. வட்டக்கயத்தில் குளிக்க இறங்கி உயிர்விட்டவர்கள் பலர். 2022 அக்டோபரில் ஒரே நாளில் மூன்று பேர் போனார்கள். எச்சரிக்கைப் பலகை அங்கே முன்பே இருந்தது, முள்கம்பியும் கட்டப்பட்டிருந்தது என்று அன்றைய செய்திகள் சொல்லின. கம்பியைத் தாண்டிப் போனார்களே என்று இறந்தவர்களைக் குறை சொல்வது கொடுமை. கம்பி ‘வராதே’ என்று மட்டும்தான் சொல்லும். எத்தனை ஆழம், அடிநீர் எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பாறையில் பாசி என்பதெல்லாம் கம்பியில் எழுதியிருக்காது. ஆற்றோரம் வளர்ந்தவர்களுக்கு அதை யாராவது ஒருவர் கூடவே நடந்து, கை நீட்டிக் காட்டிச் சொல்லியிருப்பார்.

வீட்டுக் கணினியில் பிள்ளைகளுக்காகப் போடும் பூட்டுகளைப் பற்றி நினைக்கும்போது இந்தக் கம்பிதான் நினைவுக்கு வருகிறது. பேரன்டல் கன்ட்ரோல் என்று எல்லோரும் சொல்கிற அந்த ஏற்பாடு வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அது பிள்ளையோடு நடக்கிற ஒரு பேச்சாக இருக்கும்வரை மட்டுமே வேலை செய்யும். எது பூட்டியிருக்கிறது, ஏன், எப்போது திறக்கும் என்ற மூன்றும் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அது வேலி. தெரியாமல் போட்டால் அது புதிர்; பிள்ளைகள் புதிரை அவிழ்க்கப் பிறந்தவர்கள். தெரியாமல் போட்டதோடு நிற்காமல் பார்த்துக்கொண்டும் இருந்தால் அதற்குப் பெயர் வேவு.

இந்தக் கருவிகளுக்குள் ஒரு குடும்பச் சித்திரம் ஒளிந்திருக்கிறது. விண்டோஸில் உள்ள ஃபேமிலி சேஃப்டியை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் ஒரு மின்னஞ்சலோடு உள்ளே நுழைந்து குடும்பக் குழுவை உருவாக்க வேண்டும். பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, பிறந்த தேதி கொடுத்து, குழுவில் சேர்க்க வேண்டும். பிறகு எத்தனை மணி நேரம், எந்த விளையாட்டு, எந்தத் தளம் என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். அப்பா வாங்கிய கணினி, அப்பாவே அட்மின், ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு, பிள்ளையைவிடக் கணினி அதிகம் தெரிந்த பெற்றோர். இந்தச் சித்திரத்துக்குப் பொருந்துகிற வீடுகள் நம்மிடையே உண்டு. பெரும்பாலான வீடுகளுக்குக் கணினி வந்த கதை வேறு. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் முதல் கணினி பிள்ளையின் பள்ளிப்பையில் வந்து இறங்கியது. கேரளத்தில் கொரோனாக் காலத்தில் பள்ளி மூடி, 2020 ஜூன் 1 முதல் கைட் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் ஓடின. பிறகு குடும்பஸ்ரீ குழுக்கள் வழியாக மாதம் 500 ரூபாய் வீதம் 30 மாதம் கட்டும் சீட்டில் மடிக்கணினி தரும் வித்யாஸ்ரீ வந்தது. அதன்பின் வந்த வித்யாகிரணம் முதல் கட்டத்தில் பழங்குடி மாணவர்களை முன்னிறுத்தி 45,000-க்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைக் கொடுத்தது. விதுரையைச் சுற்றிய காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள் போன்ற இடங்களில் பல வீட்டுக்கு அதுதான் முதல் கணினி. அது பிள்ளையின் பெயரில் வந்தது. முதலில் திறந்ததும் பிள்ளைதான், பாஸ்வேர்டு வைத்ததும் பிள்ளைதான். அந்த வீட்டில் அட்மின் யார் என்று கணினியைக் கேட்டால் எட்டாம் வகுப்புப் படிக்கிறவரின் பெயரைச் சொல்லும். பெற்றோரின் அதிகாரத்தை நம்பி எழுதிய மென்பொருள், அதிகாரம் தலைகீழாக இருக்கும் வீட்டில் என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட முடியாது. சில பூட்டுகள் மலிவானவை, உறுதியானவை, அவற்றைப் போடாமல் விடுவது அசட்டை. அன்றாடப் பயன்பாட்டுக்கு அட்மின் அல்லாத சாதாரணக் கணக்கை வைத்துக்கொள்வது அவற்றில் முதலாவது. அந்தக் கணக்கில் இருக்கும்போது புது மென்பொருள் எதையும் நிறுவ முனைந்தால் ஒரு சிறு கட்டம் எழும்பி அட்மின் பாஸ்வேர்டைக் கேட்கும். அந்தக் கட்டம்தான் எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த பொருள். பிள்ளை எழுந்து சமையலறைக்கு வந்து, ‘அம்மா, இதை ஏத்தணும், பாஸ்வேர்டு போடு’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. ‘என்னது அது, யார் சொன்னா?’ என்று அம்மா கேட்கிறாள். கணினி தானாக ஒரு பேச்சைத் தொடங்கி வைத்துவிட்டது. இன்னொன்று, ரூட்டரில், தளப்பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் முகவரியை மாற்றுவது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென இலவசமாகத் தந்த 1.1.1.3 என்ற எண்ணை அங்கே எழுதிவிட்டால், அந்த வைஃபையில் வரும் எந்தக் கருவியிலும் ஆபாசத் தளங்களும் வைரஸ் தளங்களும் பெரும்பாலும் திறக்காது. ஒருவர் எதைப் பார்த்தார் என்று வீட்டில் யாருக்கும் அது கோள் சொல்வதுமில்லை. கேரளப் பள்ளிகளில் ஓடுகிற கைட் லினக்ஸ், உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டது. சாதாரணக் கணக்குக்கும் அட்மினுக்கும் இடையிலான வேறுபாட்டை லினக்ஸ் பிறவியிலேயே கறாராக வைத்திருப்பதால், அந்த மடிக்கணினிகளில் காசு கொடுத்து எந்தப் பூட்டும் வாங்க வேண்டிய தேவையில்லை.

இவற்றுக்கு அப்பால் போகும்போதுதான் பூட்டுகள் பொய் நம்பிக்கை தரத் தொடங்குகின்றன. சொல்லைப் பார்த்துத் தடுக்கும் வடிகட்டியைப் பாருங்கள். 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்களால் ஏஓஎல் சேவையில் கணக்குத் தொடங்க முடியவில்லை. ஊர்ப்பெயரின் நடுவில் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வரிசையாக இருந்தன, அவ்வளவுதான். மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் படிக்கப் போகிற பிள்ளைக்கும், மாதவிடாயைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போகிற பிள்ளைக்கும் கதவைச் சாத்துவது இதே முட்டாள்தனம்தான். எதிர்ப்பக்கத்தில், அதே வடிகட்டி தமிழுக்கும் மலையாளத்துக்கும் முன்னால் கண்கட்டி நிற்கிறது. ஒரு வசைச்சொல்லை ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பிள்ளைகள் பத்து விதமாக எழுதுவார்கள்; ஆங்கிலத்துக்கென்று தொகுத்த பட்டியலில் அதில் ஒன்றுகூட இருக்காது. தமிழும் மலையாளமும் கலந்தோடும் காணிக்காரர் பேச்சையோ, தெற்குத் திருவிதாங்கூர்த் தமிழையோ எந்தப் பட்டியல் அறியும்? நம் மொழிகளில் வரும் அசிங்கம் உள்ளே வர, ஆங்கிலத்தில் வரும் உடலறிவு வெளியே நிற்கும். நேரப்பூட்டும் இப்படித்தான். தென்கொரியா 2011 நவம்பரில், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று சட்டமே போட்டது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். விளையாட்டு கைபேசிக்கு இடம் மாறியது, சட்டமோ கணினியைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. பத்தாண்டு கழித்து, 2022 பிறக்கும்போது அந்தச் சட்டம் முடிவுக்கு வந்தது. ஓர் அரசாங்கத்துக்கு நேர்ந்ததே வீட்டிலும் நேர்கிறது. இரவு 10 மணிக்கு ரூட்டரை அணைத்தால் அம்மாவின் கைபேசியில் ஹாட்ஸ்பாட் எரியும். கணினியில் பூட்டிருந்தால் பென்டிரைவிலிருந்து வேறொரு இயங்குதளத்தை எழுப்பலாம். இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பிள்ளை மேதையாக இருக்க வேண்டியதில்லை. வகுப்பில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

இங்கே கேரளத்தில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் கைட் நிறுவனம், 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்களை நடத்துகிறது. 2022 மே மாதம் அந்த மன்றத்துப் பிள்ளைகளைக் கொண்டே தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். லட்சக்கணக்கான தாய்மார்கள் என்பது இலக்கு. பாஸ்வேர்டு, ஓடிபி, பொய்ச்செய்தி, இணைய மோசடி என்று பாடம். ‘அம்ம அறியான்’ என்று பெயர் வைத்தார்கள். அம்மா அறிவதற்காக என்று பொருள். ஜான் ஆபிரகாம் 1986-இல் எடுத்த புகழ்பெற்ற மலையாளப் படத்தின் பெயரும் அதுவே. யார் யாருக்குக் கட்டுப்பாடு கற்றுக்கொடுப்பது என்ற வழக்கமான வரிசையை இந்தத் திட்டம் கூச்சமில்லாமல் புரட்டிப் போட்டது. எட்டாம் வகுப்புப் பெண் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறாள், தாய்மார்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். திட்டம் எத்தனை தூரம் நீடித்த பயன் தந்தது என்ற கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். அது ஒத்துக்கொண்ட உண்மை முக்கியம். கணினி எப்படி வேலை செய்கிறது என்பதில் பிள்ளை ஆசான். மனிதர்கள் எப்படி ஏமாற்றுவார்கள், எதை இழந்தால் திரும்ப வராது, எந்தச் சிரிப்பை நம்பக்கூடாது என்பதில் அம்மா ஆசான். ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டிய இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் பூட்டுகளின் பட்டியல் தானாகவே உருவாகும். ‘எங்களுக்குக் கணினி தெரியாது, நாங்கள் என்ன கட்டுப்படுத்துவது’ என்று கைவிரிக்கும் பெற்றோருக்கும் இதில் விடை இருக்கிறது. கணினி நடுக்கூடத்தில் இருக்க வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் மூடியிருக்க வேண்டும், முகம் தெரியாதவருக்குப் படம் அனுப்பக்கூடாது. இந்த மூன்றையும் சொல்ல எந்த மென்பொருள் அறிவும் வேண்டாம்.

இதற்கு வரும் பலமான மறுப்பை மழுப்பாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆபத்து பெரிது, பேச்சுக்கெல்லாம் நேரமில்லை என்பது அந்த மறுப்பு. இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ‘பேரன்டல் விண்டோ’ என்ற வசதியைத் தர உத்தரவிட வேண்டும் என்று கோரி 2018-இல் தொடரப்பட்ட ஒரு பொதுநல வழக்கு, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2025 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. ஆபாசப் படங்கள் பிள்ளைகளின் கைக்கு எத்தனை எளிதாக எட்டுகின்றன என்பதுதான் வழக்கின் கவலை. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடுத்து, 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியா நடைமுறைப்படுத்திய சட்டத்தைப் போல ஒன்றை ஒன்றிய அரசு எண்ணிப் பார்க்கலாம் என்றது நீதிமன்றம். அதுவரை பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் விழிப்புணர்வு ஊட்டும் வேலையை உரிய ஆணையங்கள் விரைவுபடுத்த வேண்டும் என்றும் சொன்னது. நீதிபதிகளின் கவலையை நான் முழுதாகப் பகிர்ந்துகொள்கிறேன். ஆனால் பிள்ளைகளை அழிக்கும் ஆபத்துகளில் மிகக் கொடியது எது என்று பார்த்தால், அது தற்செயலாகக் கண்ணில் படும் படம் இல்லை, மிரட்டல். விளையாட்டு அரட்டையில் நட்பாகப் பேசி, ஒரு படத்தை வாங்கிக்கொண்டு, ‘வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்று ஒருவன் தொடங்குகிறான். அவனுடைய முதலீடு அந்தப் படமில்லை, வீட்டைப் பற்றிப் பிள்ளைக்கு இருக்கும் பயம். ‘தெரிந்தால் கணினியைப் பிடுங்கிவிடுவார்கள், பள்ளியை நிறுத்திவிடுவார்கள்’ என்று நினைக்கும் பிள்ளை அவன் சொன்னபடியெல்லாம் ஆடும். ‘தெரிந்தால் திட்டுவார்கள், ஆனால் என் பக்கம் நிற்பார்கள்’ என்று நினைக்கும் பிள்ளையிடம் அவன் வியாபாரம் ஓடாது. எந்த மென்பொருளும் இந்த இரண்டாவது நினைப்பை நிறுவித் தர முடியாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், இணையக் குற்றத்துக்கான 1930-உம் ஒரு தாளில் எழுதிக் கணினிப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் வீட்டில், பிள்ளை அந்தத் தாளைத் தினமும் பார்க்கிறது. இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று நமக்கு முன்பே தெரியும், நடந்தால் குற்றவாளி நீ இல்லை என்று அந்தத் தாள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பூட்டு யார்மேல் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் அண்ணனுக்கு ஒரு நியாயம், தங்கைக்கு ஒரு நியாயம். 2019-இல் கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசி வைத்திருக்கக் கூடாது, இளங்கலை மாணவியர் மடிக்கணினி பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தது. ஏற்க மறுத்த மாணவியை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவருக்கு வயது 18. வழக்கு கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பர் 19-இல் நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்து, மாணவியை மீண்டும் சேர்க்கச் சொன்னார். விடுதி சொன்ன காரணம் படிப்பு நேரத்தில் கவனம் சிதறக் கூடாது என்பது. பெற்றோரின் விருப்பத்தையும் துணைக்கு அழைத்தது. கவனித்துப் பார்த்தால், கட்டுப்பாடு பேச்சாக இல்லாமல் ஆணையாக மட்டும் இருக்கும்போது என்ன ஆகிறது என்பது புரியும். எட்டு வயதுக்குப் போட வேண்டிய பூட்டு பதினெட்டு வயதிலும் தொங்குகிறது. அதை எப்போது கழற்றுவது என்று யாரும் யோசித்ததே இல்லை. பெண்பிள்ளையின் கணினியில் அவள் அறியாமல் தட்டச்சையெல்லாம் பதிவு செய்யும் மென்பொருளை ஏற்றி வைப்பதும் இந்த வரிசையில்தான் வருகிறது. பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். அவளுக்குத் தெரியவரும் நாளில் பாதுகாப்பு முடிந்துவிடும், பேச்சும் முடிந்துவிடும். அந்த மென்பொருளை எழுதியவரின் சர்வருக்கும் அவளுடைய ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கலாம் என்பதையும் பெற்றோர் நினைத்துப் பார்ப்பதில்லை.

வயது என்பதைச் சட்டம் ஒரே வெட்டாகத்தான் வெட்ட முடியும். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் 13 என்றது, ஆஸ்திரேலியா 16 என்கிறது, இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 என்கிறது. நம் சட்டப்படி 18 நிரம்பாத எவருடைய தரவையும் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் பதினேழரை வயதுப் பிள்ளைக்கும் இந்தச் சட்டத்தின் கண்ணில் வேறுபாடில்லை. சட்டத்துக்கு வேறு வழியும் இல்லை, அது தெருவில் போகும் எல்லோருக்கும் ஒரே கோடு போட வேண்டும். வீட்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. எட்டு வயதில் நாம் தேர்ந்தெடுத்த சில தளங்கள் மட்டும் திறந்தால் போதும். அப்போது பூட்டு ஏறக்குறைய முழுப்பூட்டுதான், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. பன்னிரண்டில் தேடல் திறந்திருக்கலாம், கூகுளின் சேஃப் சர்ச் மேலே இருக்கட்டும். முகம் தெரியாதவரோடு அரட்டை மட்டும் மூடியிருக்க வேண்டும், எதை நிறுவுவதானாலும் அந்தப் பாஸ்வேர்டுக் கட்டம் எழும்ப வேண்டும். பதினைந்தில் இரவு நேரமும் பணம் கட்டும் வசதியும் மட்டும் பெற்றோர் கையில் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். சிலர் இதை அவசரம் என்பார்கள். பதினேழில் அட்மின் பாஸ்வேர்டையே கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை நாகர்கோவிலிலோ கோவையிலோ ஒரு விடுதி அறையில் தனியாக மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும். தடுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் பக்கத்தில் இருக்கும் அந்த ஓராண்டில் முழுச் சுதந்திரத்தைப் பழகிவிட்டுப் போவது நல்லதா, பதினெட்டாம் பிறந்தநாளில் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறப்பது நல்லதா? ஒவ்வொரு பூட்டுக்கும் அது கழலும் தேதியைப் போடும்போதே சொல்லிவிட்டால், பிள்ளை அதை உடைப்பதைவிடக் காத்திருப்பதில் ஒரு பெருமை காணும். எல்லாப் பிள்ளையும் அப்படிக் காத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. உடைத்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளையிடமும் பேசுவதற்கு ஒரு தேதி கையில் இருக்கும்.

ஆற்றை உவமையாகச் சொன்னதில் ஒரு குறை உண்டு. கல்லாற்றுக் காட்டுக் குடியிருப்பைச் சேர்ந்தவர் 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற விஷமுறிவு வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மா. நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை எழுதி வைக்காமல் நினைவிலிருந்தே செய்பவர், அம்மாவிடமிருந்து கற்றுக்கொண்டவர். காட்டில் எது விஷம், எது மருந்து என்பதை அம்மாவின் பின்னால் நடந்து தெரிந்துகொள்ளலாம். ஏனென்றால் காடு யாரையும் பிடித்து வைக்கத் திட்டமிடுவதில்லை. நச்சுக்கொடி நேற்றிருந்த இடத்திலிருந்து நகர்ந்து, இந்தப் பிள்ளைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று பார்த்து அந்த நிறத்தில் பூப்பதில்லை. திரை அதைத்தான் செய்கிறது. ஒரு வீடியோ முடியுமுன் அடுத்தது தானாகத் தொடங்குவதும், கீழே இழுக்க இழுக்கப் பக்கம் முடியாமல் நீள்வதும் மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை. முடிவில்லாத உருட்டலை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பிற்பாடு அதற்காக வெளிப்படையாக வருந்தினார். யூடியூப் 2021-இல் 13 முதல் 17 வயதுக்காரர்களின் கணக்கில் தானோட்டத்தை அணைத்தே வைப்பதாக அறிவித்தது. அணைக்க வேண்டிய பொருள் அது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் வீட்டுக் கணினியில் பிள்ளை பார்ப்பது பெரும்பாலும் அப்பாவின் கணக்கில். அந்தக் கணக்குக்கு வயது 42. எனவே அம்மாவின் அனுபவமும் பிள்ளையின் நேர்மையும் மட்டும் இங்கே போதாது, சட்டம் தேவை என்று சொல்பவர்களோடு நானும் நிற்கிறேன். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் எனக்குப் பெரிதாகப் படுவது பெற்றோர் ஒப்புதல் இல்லை. பிள்ளைகளைப் பின்தொடர்வதையும், நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கும் பகுதி. ஒப்புதல் என்பது பாரத்தை மறுபடி பெற்றோர் தலையில் ஏற்றுவது. இந்தத் தடை, தூண்டில் போடுகிறவனின் கையைப் பிடிப்பது. வீட்டில் அதற்கு இணையாகச் செய்யக்கூடியது சின்ன வேலை. தானோட்டத்தை அணைப்பது, அறிவிப்பு மணிகளை அணைப்பது. நூறு தளங்களைத் தடுக்கும் பட்டியலைவிட இந்த இரண்டும் அதிகம் உதவும். அப்பாவின் கணக்கிலும் சேர்த்து அணைத்தால் பிள்ளைக்குக் கேட்பதற்கு ஒரு கேள்வி குறையும்.

அதிலிருந்து இன்னொன்று புலப்படுகிறது. பெற்றோர் படுக்கையில் நள்ளிரவு வரை ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், பத்து மணிப் பூட்டு பிள்ளைக்கு மட்டும் விழுந்தால், அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது. பிள்ளை அதைத் தண்டனையாகத்தான் வாசிக்கும், அந்த வாசிப்பு சரியானதும்கூட. கடிகாரம் வீட்டுக்கு ஒன்றாக இருக்கட்டும். இரவில் எல்லாக் கைபேசியும் கூடத்து மேசையில் சார்ஜ் ஏறட்டும், அப்பாவுடையது உட்பட. தொழிலுக்காக வேண்டியிருக்கிறதென்றால் அந்தக் காரணத்தைப் பிள்ளையிடம் சொல்லட்டும். தனக்கும் பரீட்சைக்கு முந்தைய இரவில் அப்படியொரு காரணம் உண்டு என்று பிள்ளை சொன்னால் அதையும் கேட்கட்டும்.

கல்லாற்றில் ஒவ்வொரு மழைக்காலமும் மலையிலிருந்து புதுக்கல்லும் மணலும் இறங்குகின்றன. தென்மேற்குப் பருவத்து இடவப்பாதி மழையில் மேலே கொட்டினால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். வடிந்த பிறகு பார்த்தால் போன வருடம் நின்று குளித்த இடத்தில் கால் எட்டாது, எட்டாத இடத்தில் மணல் மேடிட்டிருக்கும். அதனால்தான் ஆற்றோரத்துக்காரர்கள் வடகிழக்குப் பருவத்துத் துலாவர்ஷமும் ஓய்ந்தபின் முதல்முறை இறங்கும்போது, பிள்ளையைக் கரையில் நிறுத்திவிட்டு, ஒரு கழியை ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டே முன்னால் போவார்கள். கணினியிலும் புதுப் பதிப்பு வரும்; போன மாதம் வெறும் பந்தாட்டமாக இருந்த விளையாட்டுக்குள் இந்த மாதம் அரட்டைப் பெட்டி முளைத்திருக்கும். அன்று பூட்டுகளின் பட்டியலை எடுத்து, இரண்டு பேரும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மறுபடி எழுத வேண்டியிருக்கும்.